பதினேழாவது கேள்வி

அறுபது கேள்விகள்.
பிடிக்கும், பிடிக்காது, சொல்லத் தெரியவில்லை:
ஏதாவது ஒன்றில் டிக் அடித்தால் போதும் என்கிறாள்
உளவியல் துறையிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி.
தாள் பறக்காமலிருக்க
ஆளுக்கொரு கால்குலேட்டரை மேலே வைத்துக்கொண்டோம்,
வணிகவியல் இரண்டாம் ஷிஃப்ட்,
எழுபத்திரண்டு பேர்.

இதே தாளை
நாங்கள் சேர்ந்த வாரத்திலும் தந்தாள்.
பதினேழாவது கேள்வி:
ஓடாமல் நின்றுபோன இயந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பது.

அன்றைக்கு யோசிக்கவே இல்லை.
வியாசர்பாடியில் எங்கள் வீட்டு மிக்ஸி
நாலு தடவை என் மடியில்
குடல் சரிந்து கிடந்திருக்கிறது.
கார்பன் பிரஷ் தேய்ந்தால் என்ன வாசனை வரும்,
எனக்குத் தெரியும்.
பிடிக்கும்.
அழுத்தி அடித்த டிக்
அடுத்த பக்கத்திலும் பதிந்தது.

பிறகுதான் கல்லூரி ஆரம்பித்தது.

யாரும் எதையும் பிடுங்கவில்லை,
அதைச் சொல்லிவிட வேண்டும்.
பொற்கொடி மேடம் நல்லவர்.
என் பேரேட்டை வகுப்புக்குத் தூக்கிக் காட்டி
"எவ்ளோ நீட்டா இருக்கு பாருங்க" என்றார் ஒருநாள்.
அவ்வளவுதான். ஒரு வாக்கியம்.
அதற்குப் பிறகு நான் நீட்டான பெண்.
சிவப்பு மையில் இரட்டைக் கோடு போடும்போது
மூச்சை நிறுத்துகிறவள்.
டூர் கணக்கு, ஜெராக்ஸ் கணக்கு,
யார் யார் சமோசாவுக்கு எவ்வளவு பாக்கி,
எல்லாம் என் நோட்டுக்கு வந்து சேர்ந்தன.
"அவகிட்ட குடு, அவ பாத்துப்பா."
பாத்துக்கிட்டேன்.
பாத்துக்கிறவளாகவே ஆனேன்.

என் தெருவிலிருந்து, என்னோடு ஒரே பஸ்ஸில் வந்து
அதே கேட்டுக்குள் நுழைந்து
இடதுபக்கம் திரும்பியவள் மெஹ்ருன்னிசா.
விஸ்காம்.
அந்தக் கட்டடத்தில் கதவுகள் மூடுவதில்லை,
பாதி வகுப்பு படிக்கட்டில்தான்.
யாராவது யாரையாவது
படம் பிடித்துக்கொண்டே இருப்பார்கள்.
பள்ளியில் வாயே திறக்காதவளுக்கு
ஆறே மாதத்தில் கைகள் பேச ஆரம்பித்தன.
அடுத்த வருஷம் பஸ் மொத்தமும் கேட்கச் சிரித்தாள்.
தாமதமாக வருவது என் சுபாவம் என்றாள்.
பத்தாவது வரை
மணி அடிக்க அரைமணி முன்னாலேயே
பூட்டிய கேட்டருகே நின்றவள்.

"நீயும் வலதுபக்கம் திரும்பியிருந்தா?"
டவுட்டன் சிக்னலில் கேட்டேன்.
ஜன்னலுக்கு வெளியே ஃபோனை நீட்டி
ஒரு மீன்பாடி வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.
"உன்ன மாதிரி ஆயிருப்பேன்" என்றாள்,
திரும்பாமல்.
கேலி இல்லை அதில்.
அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

போன மாதம் மிக்ஸி மறுபடி நின்றது.
நான் வாரண்டி கார்டைத் தேடி எடுத்தேன்.
தேதி பார்த்தேன், பில்லோடு பின் செய்தேன்,
'வீட்டு உபயோகம்' என்றெழுதிய ஃபைலில் வைத்தேன்.
வாரண்டி முடிந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.
அம்மா திருப்புளியை நீட்டியபடி
கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு
அம்மியைக் கழுவப் போய்விட்டாள்.

இப்போது பதினேழு.
பிடிக்காது என்றால் பொய்.
பிடிக்கும் என்றால், யாருக்கு?
சொல்லத் தெரியவில்லை என்பதை
எந்தப் பத்தியில் எழுதுவது என்று
எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"எதுவும் விடாம போடுங்க."
நிமிர்ந்து பார்க்கிறேன்.
அன்று எங்களோடு பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து
என் டப்பாவிலிருந்து முறுக்கு தின்றவள்,
எங்கள் பெயரெல்லாம் கேட்டவள்,
இன்று வரிசை வரிசையாகத்
தலைகளை எண்ணிக்கொண்டு போகிறாள்,
உதடு மட்டும் அசைய.
அவளுக்கு யார் தந்தார்கள் இந்தத் தாளை?

எழுபத்தொன்றில் நிறுத்தி
மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறாள்.

தலைக்கு மேலே மின்விசிறி
டக், டக், ஒரு சுற்று விட்டு, டக்.
மூன்று வருஷமாக அதன் அடியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பேரிங்.